சாளை எந்தப் பெட்டியில்

அறைக்கு நாலு மூலை.
ஒன்றைப் பீரோ எடுத்துக்கொண்டது.
மிச்சம் மூன்றில்தான்
மூக்கையூர்ப் பள்ளியின் இரண்டாம் வகுப்பு
பதினான்கு பேரும் வாசிக்கப் பழகுகிறார்கள்.

கதவோரம் மணல் தட்டு.
மணலுக்கு நான் அலையவில்லை;
காலையில் அவர்கள் செருப்பைத் தட்டினாலே பாதித் தட்டு.
விரலால் எழுதி, உள்ளங்கையால் அழித்து,
மறுபடி எழுதுகிறான் காளீஸ்வரன்.
அவனுடைய ஞ இன்னும்
சுழித்துக்கொண்டு தட்டுக்கு வெளியே போகிறது.

சன்னலடியில் கேட்கும் மூலை.
என் போனில் கதை ஓடும்.
சத்தம் போதாதென்று
சத்துணவுக் கூடத்துச் சட்டிக்குள் வைத்தோம்.
அன்றிலிருந்து நரி
கிணற்றுக்குள் நின்று பேசுகிறது.
ஐந்து தலைகள் சட்டிமேல் கவிழ்ந்திருக்கின்றன,
குழம்பு கொதித்துவிட்டதா என்று பார்ப்பதுபோல.

மூன்றாவது மூலையில் இரண்டு ஓலைப்பெட்டிகள்.
கருப்பட்டி வாசம் இன்னும் போகவில்லை.
ஒன்றில் கடல் என்று எழுதி ஒட்டினேன்,
மற்றதில் கரை.
நடுவே கவிழ்த்துப் போட்ட அட்டைகள்:
வாளை, வாழை.
பாரை, பாறை.
சாளை, சாலை.
எடு, வாசி, உரிய பெட்டியில் போடு.
ல, ள, ழ எல்லாம்
ஒரே இழுப்பில் மாட்டும் என்று நம்பி
ஞாயிற்றுக்கிழமை முழுக்க வெட்டிய அட்டைகள்.

பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை
டிபன் பாக்ஸ் மூடியில் கரண்டியால் தட்டுவேன்.
பிள்ளைகள் மூலை மாறுவார்கள்.
பென்சில்கள் மாறுவதில்லை, தொலையும்.

டெல்வின் வாழையைக் கடலில் போட்டான்.
அவன் வாயில் இரண்டுமே 'வாள'.
நாக்கை மடி என்றேன். மடித்தான்.
மூன்றாம் முறையில் வாழை கரையேறியது.
பாறையைக் கடலில் போட்டவனும் அவன்தான்.
அவன் அப்பா வலை அங்கேதான் கிழிந்ததாம்.
அட்டைக்குப் பின்னால் நான் எழுதிவைத்திருந்த விடையை
அடித்துவிட்டு, சரி போட்டேன்.

அடுத்தது லூர்து ஜெஃபினா.
சாலை கரைக்குப் போனது.
சாளையும் கரைக்குப் போனது.

ஏட்டில் 'தவறு' என்ற கட்டத்துக்குப்
பேனா அதுவாகவே போய்விட்டது.
ல-வும் ள-வும் இவளுக்குப் பிரியவில்லை என்று
மனசுக்குள் குறிப்புக்கூட எழுதியாயிற்று.
எதற்கும் வாசித்துக் காட்டச் சொன்னேன்.

சாலை என்றாள். நாக்கு நுனி பல்லுக்கு மேலே தொட்டது.
சாளை என்றாள். வளைந்து அண்ணத்தில் போய் இடித்தது.
நான் சொல்லிக்கொடுத்த ள-வைவிட
நல்ல ள.

பிறகு ஏன் கரையில்?

"கடல்ல கெடக்கையில நான் பாத்ததே இல்லையே மிஸ்.
என்னையெல்லாம் வள்ளத்துல ஏத்த மாட்டாக.
நான் பாத்தது பூராம் ரோட்டுல காயிறதுதான்.
காக்கா வந்தா வெரட்டணும்.
அதுக்குத்தான் நேத்து லீவு."

நேற்றைய வருகைப் பதிவில்
அவள் பெயருக்கு நேரே
காய்ச்சல் என்று எழுதியிருந்தேன்.
ஒரு வகையில் சரிதான்.

ஏட்டில் இரண்டே கட்டங்கள்.
பேனாவை மூடினேன்.
கரண்டியால் தட்ட வேண்டிய நேரம்
தாண்டிப் போயிருந்தது.
சட்டிக்குள் நரி
எப்போதோ ஏமாந்து முடித்திருந்தது.

சாயங்காலம், சாயல்குடி பஸ்.
ஊர் முடிகிற இடத்தில்
தாரின் பாதி அகலத்துக்கு வெள்ளி.
ஓரத்தில் அவள்,
பை இன்னும் தோளில், கையில் கம்பு.
எனக்கு டாட்டா காட்டியது கம்பு பிடித்த கை;
காகங்கள் மொத்தமாய் எழுந்து போயின.

ஓட்டுநர் ஹாரன் அடிக்கவில்லை.
ல-வில் ஒதுங்கிப் போனார்.
ள காய்ந்துகொண்டிருந்தது.