இரண்டு ராகி விலகல்

தளி தாண்டி ஜவளகிரி சாலையில்
கோஸ் வயலுக்கும் பாலிஹவுஸுக்கும் நடுவே
வெள்ளைச் சுவரில் கறுப்புக் கட்டங்களோடு நிற்கிறது
வங்கிக் கடனுக்கு நான் விலை போடவேண்டிய வீடு.

கட்டியவன் யாரோ ஒரு மாட்டு டாக்டர்.
கடலுக்கப்பால் விட்டுவந்த அப்பாவின் பண்ணைவீட்டை
மனப்பாடமாக ஒப்பித்திருக்கிறான்.
பனி வழுக்கி விழட்டுமென்று செங்குத்தாகக் கூரை,
அதில் இன்றுவரை வழுக்கியது
கெம்பண்ணா வீட்டுப் பூனை மட்டும்.
தெருவே இல்லாத மேட்டில்
தெருவை எட்டிப்பார்க்க ஒன்றரை அடி துருத்திய மாடி.

ஒப்பிக்கையில் திக்கிய இடங்களில்
ஊர் எடுத்துக்கொடுத்திருக்கிறது.
ஓக் மரத்துக்கு வேங்கை.
சுவர் வரிச்சுக்கு மூங்கில்.
மண்ணோடு மிதித்துக் குழைத்த ராகித்தாள், சாணம்,
ஓரிடத்தில்
மிதித்தவரின் குதிகால்.

படிவம் கேட்கிறது:
சுமை தாங்கும் சுவரா? கான்கிரீட் சட்டகமா?
இந்தச் சுவர் எதையும் தாங்கவில்லை.
மொத்தச் சுவரையும் உதிர்த்துவிட்டாலும்
எலும்பாய் நின்றபடி
கூரையைப் பிடித்துக்கொண்டிருக்கும் வீடு.

டார்ச் அடித்து ஒரு மூட்டைப் பார்த்தேன்.
ஆணி இல்லை. துளைக்குள் கழுந்து,
இரண்டுக்கும் குறுக்கே ஒரு மரமுளை.
இரண்டு துளைகளும் நேரில் இல்லை,
இரண்டு ராகி அளவு விலகல்.
கைத்தவறு என்று எழுதப்போனேன்.
பிறகுதான் உறைத்தது:
நேராக இருந்தால் முளை சும்மா போய் உட்காரும்.
விலகியிருப்பதால்
அடிக்க அடிக்க இழுத்துச் சேர்க்கிறது.
பச்சைமரம் வேறு. நின்றபடியே காய்ந்து
காய்ந்தபடியே இறுகியிருக்கிறது.

தூக்குக்குண்டை விட்டேன்.
கிழக்கு மூலை நாலு விரல் சாய்வு.
"அது கொம்பன் மேடம்" என்றார் எல்லோஜி ராவ்.
போன தை மாசம் ராகி மூட்டை வாசத்துக்கு வந்தவன்
பக்கத்து சிமெண்ட் ரூமை ஒரே தள்ளில் சாய்த்துவிட்டு
இந்த மூலையிலும் நெற்றியை வைத்தானாம்.
வீடு முனகியது, போனது, நின்றது.
முழுசாகத் திரும்பி வரவில்லை.
அன்றிலிருந்து அந்த அறையில்
தக்காளி உருளும் பக்கம் தெரியும் எல்லோருக்கும்.

கணக்குப் போட்டேன், டிராக்டர் பானெட்டில் வைத்து.
வயது நூறுக்கு மேல், தேய்மானம் முழுசு.
நிற்கிற வீடு: ஒன்றரை லட்சம்.
பிரித்தால் வேங்கை அறுநூற்றுப் பத்து கனஅடி:
பதினெட்டு.

அவர் கொஞ்சநேரம் கோஸ் வயலைப் பார்த்தார்.
"அப்போ படுக்கவெச்சு லோன் வாங்கிட்டு
திரும்ப நிக்கவெச்சுக்கலாமா?"

சிரிக்கத்தான் கேட்டார். ஆனால் முடியும்.
ஒவ்வொரு மரத்திலும் உளிக் குறி இருக்கிறது,
ஒரு முகத்தில் ரோமன் கீறல்,
மறுமுகத்தில் அதையே தமிழில் வெட்டியிருக்கிறார்
எழுத்து நன்றாக வந்த யாரோ ஒரு ஆசாரி.
தரையில் கோத்து, எண் போட்டு, கழற்றி,
மறுபடி தூக்கி நிறுத்திய வீடு இது.
நிற்பதற்கு முன்னால்
ஒருமுறை படுத்திருந்தது.

எண்ணிக்கொண்டே வந்தேன்.
௫, ௬,
அப்புறம் ௮.

கிழக்கு மூலைச் சாய்கட்டை இருந்த இடத்தில்
பாலிஹவுஸில் மிச்சமான ஒரு ஜிஐ பைப்,
இரண்டு முனையும் தட்டையாக்கி போல்ட் போட்டது.
யானை முறித்த கட்டை
அடுப்புக்குப் போயிற்றாம்.
பைப்பின் மேல் மார்க்கரால், பெரிதாக:
7.

"வரிசை விட்டுடக்கூடாதுல்ல" என்றார்.

படிவத்தில் கான்கிரீட்டை அடித்தேன்.
சட்டகம் மட்டும் மீந்தது.
கீழே, மரங்களின் பட்டியலில்
ஏழாவதாக எழுதினேன்:
பைப், ஒன்று. உறுதியாக உள்ளது.