வலது கண் பாக்கி

ஐப்பசி அடைமழையில்
ஒரு வேன் நிறையக் கிழங்களை ஏற்றி
தஞ்சாவூர் கொண்டுபோனார்கள்.
இடது கண்ணில் புரை எடுத்து
கறுப்புக் கண்ணாடி மாட்டி
மறுநாள் மாலை மன்னார்குடியில் இறக்கிவிட்டார்கள்.
வலது கண் தை மாதம் என்று
சீட்டில் எழுதியிருந்தது.

கட்டுப் பிரித்ததும் முதலில் பட்டது
மங்களாம்பிகையின் தலை.
"எப்ப இப்படி வெளுத்துது?"
"பத்து வருஷமாச்சு" என்றவள்
சொட்டு மருந்தைக் குலுக்கினாள்.
"மேல பாருங்க. ஓட்டைப் பாருங்க.
என்னைப் பாக்க வேணாம்."

ஒரு நாளைக்கு ஆறு வேளை.
ஆறு வேளையும் அவள் விரல்கள் என் இமையில்.
கல்யாணமான புதிதில்கூட
இத்தனை தடவை இல்லை.

மழை விட்ட ஒரு காலையில்
பாமணியாற்றுக் கரையில் நடந்தேன்.
வலதை மூடினால்
நட்டு ஒரு மாதமான சம்பா,
கண்ணைக் குத்துகிற பச்சை.
இடதை மூடினால்
அதே வயல், அதே வரப்பு, அதே கொக்கு.
எல்லாவற்றின் மேலும் யாரோ டீயைக் கொட்டியதுபோல்
பழுத்துக் கிடந்தது,
நாளைக்கே அறுக்கலாம் என்று.

திறந்து மூடி, திறந்து மூடி
நின்றுகொண்டிருந்தேன்.
சைக்கிளில் போன ஒரு பையன்
எனக்கு என்னவோ ஆகிவிட்டதென்று
இறங்கி நின்று பார்த்துவிட்டுப் போனான்.

முப்பத்தோரு வருஷம்
நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தர்.
உத்தரவில் போட்டிருந்த பெயர்
பருவகாலப் பணியாளர்.
எனக்குத் தெரிந்த பருவம் இரண்டு:
குறுவைக்குச் சாக்குத் தட்டுப்பாடு,
சம்பாவுக்கு லாரித் தட்டுப்பாடு.
ஈரப்பதம் பதினேழு. கூடினால் திருப்பி அனுப்பு.
நெல் பச்சையாக நின்ற மாதங்களில்
எனக்கு வேலை கிடையாது.
அதனால் என்னைப் பொறுத்தவரை
நெல் பச்சையாக இருந்ததே இல்லை.

கார்த்திகையில் தண்ணீர் வரப்பேறியது.
மூன்று நாள் பயிர் தெரியவில்லை.
இரண்டு கண்ணுக்கும் ஒரே சேற்று நிறம்.
நாலாம் நாள் நுனிகள் தலைகாட்டியபோது
என் வயலும் இல்லை, குத்தகையும் இல்லை,
ஆனாலும் வீட்டுக்கு வந்து
இரண்டாவது காபி கேட்டேன்.

மார்கழியில் கதிர் பால் பிடித்தது.
பனியில் மஃப்ளர் கட்டி தினமும் போனேன்.
பச்சை எந்தக் காலையில் விலகுகிறது என்று
பிடித்துவிடப் பார்த்தேன். முடியவில்லை.
தை மூன்றாம் வாரம்
வலதை மூடினேன், இடதை மூடினேன்.
ஒரே மஞ்சள்.
வயல் வந்து சேர்ந்துவிட்டது
என் பழைய கண்ணிடம்.

நேற்று தார்ச்சாலையில்
நாடியம்மை நெல்லைக் காலால் அளைந்துகொண்டிருந்தாள்.
பஸ் போகப் பாதி ரோடு, நெல்லுக்குப் பாதி.
குனிந்து ஒரு மணியை எடுத்து
மிச்சமிருக்கும் கடைவாய்ப் பல்லில் வைத்தேன்.
சட்டைப்பையில் போன் அடித்தது.
"ஐயா, புதன்கிழமை வேன் வருது.
வலது கண்ணு பாக்கி இருக்கு, ரெடியா இருங்க."

கடித்தேன்.
பதினெட்டு. பதினெட்டரை இருக்கலாம்.

"இன்னும் ஒரு வெயில் காயணும்" என்றேன்.
நாடியம்மை தலையாட்டினாள்.
போனில் இருந்தவன்
"என்னங்கய்யா?" என்றான்.