இருபத்தெட்டில் பத்தொன்பது

அழைப்பாணை வந்த மறுநாளிலிருந்து
தபால்பெட்டிக்கு என்மேல் திடீர்ப் பிரியம்.
மஞ்சள் உறை, சிவப்பு உறை,
"டுவேன், உங்கள் வீடு உங்களுக்கே" என்று
முகம் தெரியாத வக்கீல்கள்.
இருபத்திரண்டு குளிர்காலம்
நகராட்சி லாரியில் பனி தள்ளியிருக்கிறேன் இந்த அஷ்டபூலாவில்.
இத்தனை பேர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

தோளில் கத்தி வைத்தார்கள். எட்டு மாதம் லாரி ஏறவில்லை.
அவ்வளவுதான் கதை.
பெரிய பாவம் எதுவும் செய்யவில்லை,
தவணை கட்டவில்லை.

ஃப்ளோரிடாவிலிருந்து ஒரு குரல்:
மூவாயிரம் டாலர் அனுப்புங்கள், ஜப்தி நின்றுவிடும்.
எங்கள் ஊர்ப் பேரை மூன்று விதமாகச் சொன்னது,
மூன்றும் தப்பு.
வழக்கு எந்த ஊர் கோர்ட்டில் என்று கேட்டேன்.
உங்கள் ஊரில்தானே என்றது.
பத்து மைல் தள்ளி ஜெஃபர்சனில் ஐயா என்றேன்.
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது,
பிறகு அதுவும் இல்லை.

ஏரிக்கரைச் சாலையில் ஒரு வக்கீல்,
நல்ல நாற்காலி, நல்ல காபி.
காகிதத்தில் வங்கியின் பெயரைப் பார்த்ததும்
கோப்பையைக் கீழே வைத்தார்.
"இவர்கள் என் கட்சிக்காரர்கள்."
எழுந்து கதவு வரை வந்தார்,
தன் அட்டையின் பின்னால் வேறொரு பெயர் எழுதித் தந்தார்.
எதிர்க்கட்சியிலும்
கதவு வரை வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

மரீட்டா டிசால்வோ. டயர் கடைக்கு மேல் மாடி.
பேசப் பேசக் கீழே காற்றடிக்கும் சத்தம்.
அவளுக்கு முன்னால்
மளிகைப் பையைக் கவிழ்த்தேன்:
பிரிக்காத நாற்பத்தொரு உறை.
அவள் என்னைத் திட்டவில்லை.
வெண்ணெய்க் கத்தி ஒன்றை எடுத்து
மீன் சுத்தம் செய்கிறவள்போல்
ஒவ்வொன்றாய்க் கீறினாள்.

"பதில் மனுவுக்கு இருபத்தெட்டு நாள்.
பத்தொன்பது போய்விட்டது.
நாளைக்கே வந்திருந்தாலும் வாங்கியிருப்பேன்,
நாளை மறுநாள் திட்டியிருப்பேன்."

வீடு நிலைக்கும் என்று சொல்வீர்களா, கேட்டாள் கோரின்.
"சொல்ல மாட்டேன்.
சொல்கிறவனிடம் போகாதீர்கள்.
வாய்தா வாங்குவேன். சமரசத்துக்குக் கூப்பிடச் சொல்வேன்.
அந்த நீதிபதி காகிதம் படிக்கிறவர்,
அது நமக்கு நல்லதாகவும் இருக்கலாம்."
முன்பணம் நானூறு, பிறகு மாதம் எழுபத்தைந்து.
ரசீது எழுதினாள். எத்தனை மணி நேர வேலை,
எது கட்டணத்தில் சேராது, எல்லாம் எழுத்தில்.

பிறகு பேனாவை மூடிக்கொண்டு கேட்டாள்:
"உங்களுக்கு அந்த வீடு வேண்டுமா,
இல்லை, அதை விட்டு மரியாதையாக வெளியே வர வேண்டுமா?
இரண்டும் வேறு வேறு வழக்கு."

யாரும் கேட்டதில்லை.
நான் "வேண்டும்" என்றேன்.
அதே நொடியில் கோரின்
"தெரியவில்லை" என்றாள்.

கீழே யாரோ சக்கரம் ஒன்றைத் தவறவிட்டார்கள்,
அது உருண்டு உருண்டு
சுவரில் முட்டும்வரை மூவரும் பேசவில்லை.
மரீட்டா தாளில் எதையோ அடித்துவிட்டு
இருவர் சொன்னதையும் எழுதிக்கொண்டாள்.

வக்காலத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டோம்.
திரும்பும் வழியில் வண்டியை நிறுத்தச் சொன்னாள்.
ஹீட்டருக்கு வடிகட்டி வாங்கினாள், பன்னிரண்டு டாலர்.
நவம்பரிலிருந்து தள்ளிப்போட்டது.

எதற்கு என்று நான் கேட்கவில்லை.
ராத்திரி நிலவறையில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு
அவள்தான் மாற்றினாள்.
காற்று அம்புக்குறி எந்தப் பக்கம் என்று
கொஞ்ச நேரம் சண்டை போட்டோம்.