ஏழு சென்ரிமீற்றர்

விண்ணப்பப் படிவத்தில்
'உமது ஆர்வம்' என்றொரு கட்டம்.
தீப்பெட்டி அளவுதான் இருக்கும்.
மருத்துவம் என்று போடு என்றாள் அக்கா.
போட்டேன்.
கையெழுத்து மட்டும் என்னுடையது.

ஓகஸ்ட் விடுமுறை. கச்சான் காற்று
அன்புவழிபுரத்துத் தகரங்களை
ஒவ்வொன்றாய்த் தட்டிப் பார்த்துப் போகும் மாதம்.
ரியூசனுக்கு இரண்டு கிழமை லீவு சொல்லி
நிலாவெளி பஸ் ஏறினேன்.

முகாமில் இருபத்துநான்கு பேர்.
கிண்ணியாவிலிருந்து ரிஸ்மியா,
கந்தளாயிலிருந்து சசிந்து,
சாம்பல்தீவிலிருந்து
எதற்கும் சிரிக்கும் கோகுலவாணி.

முதல் நாள் நுணுக்குக்காட்டி.
எல்லோரும் ஆ என்றார்கள்.
எனக்குத் தெரிந்தது என் இமைமயிர்.
இரண்டாம் நாள் படகு.
புறாத்தீவுக்குப் பாதி வழியில்
காலை இடியப்பத்தைக் கடலுக்குக் கொடுத்தேன்.
மூன்றாம் நாள் மீன் அறுத்தோம்.
ரிஸ்மியாவின் கத்தி நேராகப் போனது.
என்னுடையது பித்தப்பையில் போய் நின்றது.
அக்காவின் மருத்துவம்
பச்சையாய் மேசையில் ஒழுகியது.

மிச்சமிருந்த வேலையை எனக்குத் தந்தார்கள்.
சல்லிக் கரையில் பழைய இறங்குதுறையடி,
கறுப்பு மையால் கோடு போட்ட
ஒரு பீவிசி குழாய்.
நட்டுவிட்டு, அரை மணிக்கொரு தரம்
கடல் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று எழுத வேண்டும்.
தண்டனை மாதிரித்தான் இருந்தது
முதல் அரை மணித்தியாலம்.

பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது.
பத்து அலை பார்த்து நடுவை எடுப்பேன்.
நாற்பத்திரண்டு. நாற்பத்துமூன்று.
திரும்ப நாற்பத்துமூன்று.
ஒன்றின்கீழ் ஒன்றாய் எண்கள் இறங்க இறங்க
பசி தெரியவில்லை.
கோகுலவாணி வைத்துவிட்டுப் போன ரொட்டியில்
மணல் ஏறியிருந்தது. அதோடு தின்றேன்.

பதினோராம் நாள் எண்கள் பிடிவாதம் பிடித்தன.
பெருக்கு கூடப் பெருகியது,
வற்று சரியாய் வற்றவில்லை.
ஒவ்வொரு நாளும் ஒரு நூல் அளவு கடல் மேலே.
"அமாவாசை வருதுதானே" என்றார் முகாம் உதவியாளர்
போனிலிருந்து முகம் எடுக்காமல்.
அமாவாசை என்றால்
வற்றும் கூட வற்ற வேண்டுமல்லவா?

விடிய முன்னம்
ரிஸ்மியாவை எழுப்பி, டோர்ச்சோடு போனோம்.
முதல் நாளே கொப்பியின் ஓரத்தில் குறித்திருந்தேன்,
தூணில் சிப்பி ஒட்டிய கோட்டுக்கு
நேரே குழாயில் அறுபது.
இப்போது நேரே
அறுபத்தேழு.

கடல் ஏறவில்லை.
குழாய் இறங்கியிருக்கிறது.

ஏழு சென்ரிமீற்றர், மணலுக்குள், சத்தமில்லாமல்.
எட்டு நாள் எண்கள் அவ்வளவும் பிழை.
சசிந்து தலையில் கைவைத்தான்.
அய்யோ என்ற சொல்
எங்கள் இரண்டு மொழிக்கும் பொது.
எனக்கோ சிரிப்பு, அடக்க முடியாத சிரிப்பு.
பிழையைப் பிடித்தது நான்.
குழாயை நட்டதும் நான்தான்.
இரண்டும் சேர்ந்தால் இவ்வளவு சந்தோசம் என்று
எந்தப் பாஸ்ட் பேப்பரிலும் இல்லை.

கடைசி நாள் பெற்றோர் வந்தார்கள்.
மற்றக் குழுக்களிடம் பவளப்பாறை, கடற்குதிரை,
எங்களிடம் ஒரு வளைகோடு,
அதைத் திருத்திய இன்னொரு வளைகோடு.
மரியாதைக்குக் கை தட்டினார்கள்.

திரும்பும் வழியில் ரவுனில்
றோல்ஸ் வாங்க ஓட்டோவை நிறுத்தினார் அப்பா.
பஸ் ஸ்ராண்ட் பக்கம் மானொன்று
காட்போட் பெட்டி தின்றுகொண்டு நின்றது.
"இது ஏ.எல்.லில எந்தப் பாடம் பிள்ளை?"
தெரியேல்ல அப்பா.
"மார்க்ஸ் போட்டவையோ?"
இல்லை.
மான் பெட்டியை முடித்தது.
அதற்கும் பிறகுதான் கேட்டார்:
"அப்ப, அந்த அறுபதை
முதல் நாளே ஏன் குறிச்சு வைச்சனீ?
ஆர் சொன்னது?"

ஒருத்தரும் சொல்லேல்ல. சும்மா.

"சும்மாவோ" என்றபடி
ஓட்டோவை ஸ்டார்ட் பண்ணினார்.
சந்தி கடந்து கொஞ்சத் தூரம்
ஒன்றும் பேசவில்லை.
பிறகு குனிந்து
தன் மீற்றரைப் பார்த்தார்,
அது சரியாகத்தான் ஓடுகிறதா என்று.