மூன்று செவ்வாய்கள்

முதல் செவ்வாயன்று அவளுக்கு வயது பத்தொன்பது,
வயிற்றுக்கு இருபத்திரண்டு வாரம்,
பெயர் மாபோலோகோ.

லெசோத்தோ மலைகளில் அப்படித்தான்.
மருமகள் வந்த அன்றே
புகுந்த வீடு பெயரை மாற்றிவிடும்:
இன்னும் பிறக்காத போலோகோவின் அம்மா.
அட்டையில் நான் எழுதியது ஒரு பெயர்.
பெஞ்சில் உட்கார்ந்திருந்தது இரண்டு பேர்.

விரல் நுனியில் ஒரு குத்து.
பட்டையில் ஒரு சொட்டு ரத்தம்,
மேலே இரண்டு சொட்டுத் திரவம்,
அப்புறம் பதினைந்து நிமிடம்.
அந்தப் பதினைந்து நிமிடத்தில் என்ன பேசுவதென்று
எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தரவில்லை.
நான் சோள மாவின் விலை கேட்டேன்.
அவள் குதிரையின் லாடம் தேய்ந்துபோனதைச் சொன்னாள்.

முதல் கோடு வந்தது.
அது பட்டை வேலை செய்கிறது என்பதற்கு.
எச்.ஐ.வி. வரவேண்டிய இடம் வெள்ளையாகவே நின்றது.
சிபிலிஸ் இடத்தில் மட்டும்
நகம் பட்டாற்போல் ஒன்று,
இருக்கிறதா, என் கண்தானா?
ஜன்னலுக்கு எடுத்துப்போய்ப் பார்த்தேன்.
இருந்தது.

போன வருடம் இரண்டு மாதம்
பட்டை தீர்ந்து கிடந்தோம்.
அந்த இரண்டு மாதத்தில் ஒருத்தி வந்து போனாள்.
குளிர்காலத்தில்
பீச் பழப் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி
அவள் குழந்தையை அதில் வைத்துக் கொடுத்தோம்.
இதை நான் மாபோலோகோவிடம் சொல்லவில்லை.

"வலிக்கவே இல்லையே" என்றாள்.
வலிக்காது. அதுதான் அதன் சாமர்த்தியம்.
யாரிடமிருந்து என்று அவள் கேட்கவில்லை.
கம்பளியின் ஊசியைக் கழற்றினாள், குத்தினாள்,
மறுபடி கழற்றினாள்.
அவன் ருஸ்டன்பர்க்கில், பிளாட்டினச் சுரங்கத்தில்,
அந்த நேரம் பூமிக்கு அடியில் இருந்திருப்பான்.

பென்சிலின் பால் மாதிரிக் கெட்டி.
மெதுவாகத்தான் இறங்கும்.
இறங்கி முடிவதற்குள்
குதிரையைத் திட்டுகிற வார்த்தைகளையெல்லாம்
எனக்குச் செலவழித்துவிட்டாள்.

இரண்டாம் செவ்வாய் வந்தாள். பேசவில்லை.
கைபேசியை மட்டும் நீட்டினாள்:
சுரங்க மருத்துவமனையின் சீட்டு,
அவன் பெயர், ஊசி போட்ட தேதி.
படத்துக்குக் கீழே அவன் ஒரு சொல் எழுதவில்லை.
அவளும் பதில் எழுதவில்லை.

மூன்றாம் செவ்வாய் ஆற்றில் வெள்ளம்.
புதன்கிழமையும் வாசலைப் பார்த்தேன்.
வியாழன் மதியம்
மார்புவரை நனைந்த குதிரையோடு வந்து நின்றாள்.
"நாய்கூட இறங்காத தண்ணீர், அம்மா,
உன் ஊசிக்காக இறங்கினேன்."
கட்டத்துக்கு வெளியே 'வியாழன்' என்று எழுதி
அவளுக்குத் தேநீர் போட்டேன்.
சர்க்கரை நாலு கரண்டி கேட்டாள்.

ஜூலையில் பனி.
காத்திருப்போர் விடுதியில் பதினொரு பெண்கள்,
ஒரே அடுப்பு, ஓயாத சண்டை.
பன்னிரண்டாவதாக அவள்.
விடியற்காலை நாலேகாலுக்குப் பெண் குழந்தை,
மூன்று கிலோவுக்கு ஒரு கைப்பிடி குறைவு.

தொடையில் வைட்டமின் கே.
குழந்தை அம்மாவின் தொண்டையோடு பிறந்திருக்கிறது,
அப்படி ஒரு கத்தல்.
கண் களிம்பின் மூடியைத் திருகினேன்.
மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.
"எதற்கு?"
பிறக்கும் வழியில் ஏதாவது ஒட்டியிருந்தால்
கண்ணைக் கெடுக்காமல் இருக்க.
"போட்டால் மங்குமா?"
கொஞ்ச நேரம் மங்கும்.
"அப்படியானால் நில்லு.
முதலில் என்னைப் பார்க்கட்டும்."

களிம்பு ஒரு மணி நேரம் காத்திருக்கும்.
நானும் காத்திருந்தேன்.
ஜன்னலுக்கு வெளியே பனி வெளுத்துக்கொண்டு வந்தது.
போலோகோ ஒற்றைக் கண்ணைத் திறந்து
அம்மாவைப் பார்த்தாளோ, விளக்கைப் பார்த்தாளோ,
அவள் என்னவோ தன்னையென்றே சொன்னாள்.
"இப்போது போடு."

கை, கால், தோல், கல்லீரல்,
எல்லாம் தடவிப் பார்த்தேன்.
குதிகாலில் ரத்தம் எடுத்துக் கீழே அனுப்பினேன்.
ஐந்தாம் நாள் பதில் வந்தது.

பதிவேட்டில் கடைசிக் கட்டம்: தொற்றின் அறிகுறி.
பேனாவில் மை உறைந்திருந்தது.
இல்லை என்று எழுத
இரண்டு தரம் வாயால் ஊத வேண்டியிருந்தது.