நாற்பத்தைந்து பல்

முதலில் சத்தம்தான் வந்தது.
ஆளை ஏற்றிக் கிளம்பும்போது மட்டும்
பின்சக்கரத்துப் பக்கம் 'டக்' என்று ஒன்று.
அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.
அடுத்த வாரமும் அதையே சொன்னேன்.

நேற்று
நான்கு வாழைத்தாரோடு
தேயிலைத் தோட்டத்து வளைவு ஏறுகையில்
செயின் கழன்று சேற்றில் கிடந்தது,
ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி.

டின்காசிமிரே குந்தி உட்கார்ந்து
பின்பக்கம் செயினைச் சுண்டி இழுத்தான்.
செயினுக்கும் பல்லுக்கும் நடுவே
ஓர் இடைவெளி விழுந்தது.
அதற்குள் ருவென்சோரி தெரிந்தது,
பனியோடு.

"செயினை மட்டும் மாற்றிக் கொடேன்."
"கொடுக்கிறேன் அராலி.
மூன்று மாதத்தில்
இந்த வளைந்த பல் அதைத் தின்றுவிடும்.
மறுபடி வா. மறுபடி கொடுக்கிறேன்.
எனக்கென்ன நஷ்டம்?"

பழைய தாள் விரித்து
மூன்று சக்கரங்களை வைத்தான்.
முப்பத்தொன்பது. நாற்பத்திரண்டு. நாற்பத்தைந்து.

நாற்பத்திரண்டு, வண்டியோடு வந்தது.
முப்பத்தொன்பது வைத்தால் சமதரையில் பறக்கும்.
மேட்டில் மூச்சு வாங்கும்.
நாற்பத்தைந்து
சுவரில்கூட ஏறும்.
ஆனால் நெடுஞ்சாலையில்
என்ஜின் கத்தும், வண்டி போகாது.
கூடவே இரண்டு கண்ணி அதிகம் கேட்கும்.
அதற்குத் தனிக் காசு.

"எந்த ரோட்டில் ஓட்டுகிறாய்?"

கசேசே ரோடு என்றேன் உடனே.
ஸ்டேஜில் யார் கேட்டாலும் அதுதான் என் பதில்.
தார்ச்சாலை, எதிர்க்காற்று,
புடைத்த சட்டையோடு லாரியை முந்துகிறவன்
என்று என்னைப் பற்றி
எனக்கு ஒரு நினைப்பு.

அவன் நம்பவில்லை.
"போன வாரத்தை எண்ணு."

எண்ணினேன்.
திங்கள், கோபுசிங்கே டீச்சர், மேட்டுப் பள்ளி.
திங்கள் மாலை, சிமெண்ட் மூட்டை, மேடு.
செவ்வாய், காய்ச்சல்காரப் பையனும் அவன் அப்பாவும், மேட்டிலிருந்து.
புதன் சந்தை. எல்லாம் மேடு.
வியாழன், ஒருவன் கசேசே ரோட்டில்
பாதி தூரம். பாக்கி வைத்துவிட்டுப் போனான்.
விரல் தீர்ந்து
மறுகை விரலும் தீர்ந்தபோது
எனக்கே சிரிப்பு வந்தது.
ஆறு வருஷமாக
நான் ஒரு மலைக்காரன்.
என் வண்டிக்குத் தெரிந்திருக்கிறது.

பிறகு அசலா நகலா என்ற பேச்சு.
அறுபதாயிரம், முப்பத்தைந்தாயிரம்.
ஒரே நிறப் பெட்டி, அதே பளபளக்கும் ஒட்டுப்படம்.
"பெட்டியைப் பார்க்காதே, பல்லின் ஓரத்தைப் பார்."
ஒன்றில் பிசிறு நகத்தில் பட்டது.
மற்றதில் நகம் வழுக்கியது.
வழுக்கியதை எடுத்தேன்.
சங்கத்துக் கடனில் இன்னொரு கோடு.

பழையதைக் கழற்றிக் கையில் தந்தான்.
நாற்பத்திரண்டு பற்களும்
ஒரே பக்கம் சாய்ந்திருந்தன,
யாரோ கூப்பிட்டுத் திரும்பினாற்போல.
ஆணியில் மாட்டச் சொல்லிவிட்டு வந்தேன்.

இன்று காலை
அதே வளைவு. இரவெல்லாம் மழை.
இங்கே டீச்சர் இறங்கிவிடுவார்.
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
மேலே வரை நடப்பார்.
ஒருநாளும் நான் சொன்னதில்லை,
அவரும் கேட்டதில்லை.

வழக்கம்போல் தோளைத் தட்டினார்.
நான் நிறுத்தவில்லை.
மறுபடி தட்டினார்.
முதல் கியரில் வண்டி
முனகியது, வழுக்கியது,
பிடித்துக்கொண்டது.

மேலே போய் நின்றதும் பார்த்தேன்.
செருப்பு இரண்டும் கையில்தான் இருந்தன.
காலில் சேறில்லை.
காசை எண்ணிக் கொடுத்தார், அதே காசு.
"என்ன அராலி, இன்றைக்கு அவசரமா?" என்றார்.

இறங்கி வரும் வழியில்
ஸ்டேஜ் பையன் ஒருவன்
கசேசே ரோட்டில் என்னைத் தாண்டினான்.
சட்டை புடைத்திருந்தது.
ஹாரன் வேறு அடித்தான்.

ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கினேன்.
என்ஜின் கத்தியது.
விட்டுவிட்டேன்.