இரண்டு மணிக்கொரு முறை

குலா என்று பெயர். நிறம்தான் பெயர்:
காய்ந்த புல்லுக்கும் தேனுக்கும் நடுவே ஒரு மங்கல்,
முதுகு நெடுக ஒரு கறுப்புக் கோடு.
நான்கு நாளாய் அவள் எனக்குப் பால் தரவில்லை.

சோன்-கோல் ஏரிக்கு மேலே
ஜூன் மாதப் பனி கூடாரக் கயிறுகளில் விறைத்திருக்கும் காலை.
ஒரு முழங்காலை மண்ணில் ஊன்றி
மறு தொடைமேல் வாளியை நிறுத்தி
அவள் பின்னங்காலைச் சுற்றிக் கையைக் கொடுத்து
செய்யவேண்டியது எல்லாம் செய்தேன்.
மடி கல்லாய் இருந்தது.

புருல்கானுக்கு மட்டும் இறங்கும்.
என் நாத்தனார். சீட்டியடித்துக்கொண்டே வருவாள்,
ஒரு லிட்டர் கறந்துகொண்டு குமிஸ் தோல்பையை நோக்கிப் போவாள்.
"உன் கை சரியாத்தான் இருக்கு" என்பாள்.
அதற்குமேல் ஒரு சொல் வராது.

கை சரிதான்.
விகினோ மெட்ரோவை ஒட்டிய கடையில்
நிமிடத்துக்கு இருபத்தெட்டுப் பொருள்,
ரொட்டியும் வோட்காவும் பூனைத்தீனியும்
என் விரலடியில் கீச் கீச்சென்று ஓடின ஒன்பது வருஷம்.
மாதக் கடைசியில் சுவரில் பட்டியல் ஒட்டுவார்கள்,
முதல் மூன்றுக்குள் நான் இருப்பேன்.
அதே விரல்களோடு ஒரு குதிரையிடம் வந்திருந்தேன்.

சர்க்கரைக் கட்டி கொடுத்துப் பார்த்தேன்.
குழந்தைக்குப் புரியக்கூடாதென்று ரஷ்யனில் திட்டினேன்.
அவள் காது மட்டும் பின்னால் திரும்பியது.
தராமல் நின்றாள், அவ்வளவுதான்.
உதைத்திருந்தால்
எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

குட்டி பக்கத்தில் இல்லாமல் குதிரைக்குப் பால் சுரக்காது.
நீள்கயிற்றிலிருந்து அவிழ்த்து வந்து
இரண்டு வாய் ஊட்டவிட்டு, இழுத்து,
தாயின் முன்னங்காலோடு ஒட்டிப் பிடித்து நிற்கவேண்டும்.
அது பெர்மெத்தின் வேலை.
பெர்மெத் என் மகள். பதினொரு வயது.
நான் ரயில் ஏறியபோது இரண்டு.

அவள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்,
நடுவில் ஒரு குதிரையின் அகலம்.
வயிற்றுக்கு அடியில் தெரிபவை அவளுடைய ரப்பர் பூட்சுகள்,
இடதில் சைக்கிள் டியூப் ஒட்டு.
நான் அனுப்பியவை எல்லாம்
எப்போதும் ஓர் அளவு சின்னதாகவே வந்து சேர்ந்தனவாம்.
இதைக்கூடப் புருல்கான்தான் சொன்னாள்.

ஐந்தாம் நாள் அந்தப் பூட்சுகள் பேசின.

"மூச்சு விடு."

"என்ன?"

"மூச்சை அடக்கிக்கிட்டிருக்கே. ஃபோன்லயும் இப்படித்தான் செய்வே.
லைன் கட்டாயிடுச்சுன்னு நினைச்சு
நான் வச்சிடுவேன்."

அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே
வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்ற இரவுகள்.
அழுவது அவளுக்குக் கேட்கக்கூடாது என்றுதான்.
கேட்கவில்லை.
எதுவுமே கேட்கவில்லை அவளுக்கு.
மூவாயிரம் கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம்
ஒரு சின்ன விரல் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டுத் தூங்கப் போயிருக்கிறது.

குலாவின் விலாவில் நெற்றியைச் சாய்த்தேன்.
உள்ளே ஏதோ உருண்டு நகர்ந்தது, தூரத்து லாரி போல.
மூச்சு வந்தது. அழகாக இல்லை,
மூக்கு ஒழுக, துருத்தி கிழிந்தாற்போல.
தோள்கள் இரண்டும் காதருகே இருந்தன என்பதே
அவை இறங்கியபிறகுதான் தெரிந்தது.
எத்தனை வருஷமாய் அங்கேயே வைத்திருந்தேனோ.
குலா தலையைத் தாழ்த்தினாள்.
வாயில் புல் இல்லாமலே எதையோ மென்றாள்.

பிறகு பால் பொங்கி வழிந்தது என்று சொல்ல ஆசைதான்.
அரை தம்ளர்.
ஒரு ஈ கடித்தது, அவள் நகர்ந்தாள், வாளி கவிழ்ந்தது.
அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு கிளம்பி
பாதியில் நின்றது.

"அடக்காதே" என்றேன்.

குட்டியை விட்டோம். முட்டி முட்டிக் குடித்தது,
எனக்கென்று அவள் தராமல் வைத்திருந்த அத்தனையையும்,
வெட்கமில்லாத சத்தத்தோடு.
பூட்சுகள் ஏரிப் பக்கம் நடக்கத் தொடங்கின.
ஈரப் புல்லில் இடது காலை மட்டும்
கொஞ்சம் தூக்கி வைக்கிறாள்.

"உன் கால் என்ன அளவு?"

திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: "முப்பத்தாறு."

அடுத்த கறவைக்கு இரண்டு மணி நேரம் இருக்கிறது.